ஒரு கோப்பு, இரண்டு கைகள்



மட்டக்களப்புக்குச் செல்லும் ரயில் பாதை ஒற்றைப் பாதை. ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் என்னவாகும்? 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில் அப்படி மோதி 25 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் எட்வர்ட் டயர் என்பவர் 'டெப்லட்' முறையை உருவாக்கினார். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு வில்லையை மட்டுமே கருவி வெளியே தரும். வில்லை கையில் இல்லாத சாரதி நுழையக் கூடாது. இலங்கை ரயில் பாதைகளிலும் இம்முறை பயன்பட்டு வந்துள்ளது.

கணினிக்கும் இத்தகைய வில்லை தேவை. ஒரே செய்நிரலுக்குள் பல வேலைகள் ஒரே காலத்தில் நடப்பதுண்டு. அவ்வேலைகளை 'திரெட்' அல்லது இழை என்கிறோம். இரண்டு இழைகள் ஒரே கோப்பைத் தொடும்போதுதான் ஆபத்து.

ஓர் உதாரணம். நிவாரணப் பட்டியல் கோப்பொன்றில் 40 பெயர்கள் உள்ளன. முதலாம் இழை அவற்றை வாசிக்கிறது. அது எழுதும் முன்பே இரண்டாம் இழையும் அதே 40 பெயர்களை வாசிக்கிறது. முதலாம் இழை ஒரு பெயரைச் சேர்த்து 41 ஆக எழுதுகிறது. இரண்டாம் இழை தன்னிடமுள்ள பழைய 40உடன் வேறொரு பெயரைச் சேர்த்து மேலே எழுதுகிறது. 42 பெயர்கள் இருக்க வேண்டிய கோப்பில் 41தான் உள்ளன. ஒரு குடும்பம் காணாமல் போய்விட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. 2004 சுனாமியைக் கண்ட நம் பெற்றோருக்கு, பட்டியலில் ஒரு பெயர் விடுபடுவதன் பாரம் தெரியும்.

தீர்வு 'லொக்' எனப்படும் பூட்டு. பூட்டைப் பெற்ற இழை மட்டுமே கோப்பைத் தொடலாம், மற்றவை காத்திருக்கும். இதில் கவனிக்க வேண்டியவை:

1. வாசித்தல், சேர்த்தல், எழுதுதல் மூன்றும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும். எழுதுவதை மட்டும் பூட்டினால் மேற்சொன்ன பிழை அப்படியே நிகழும்.

2. இடையில் வழு ஏற்பட்டாலும் பூட்டு விடுவிக்கப்பட வேண்டும். பைத்தனில் 'வித்' கூற்று இதைத் தானாகவே செய்யும்.

3. இரண்டு பூட்டுகள் தேவையானால் எல்லா இழைகளும் அவற்றை ஒரே ஒழுங்கில் பெற வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றுக்காக மற்றொன்று முடிவின்றிக் காத்திருக்கும்.

4. இழைகளுக்கான பூட்டு ஒரு செய்நிரலுக்குள் மட்டுமே செல்லும். வேறொரு செய்நிரலும் அக்கோப்பைத் திறக்குமானால், பணிசெயல் முறைமை தரும் கோப்புப் பூட்டை இரண்டும் பயன்படுத்த வேண்டும்.

1960களில் நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா இச்சிக்கலுக்குத் தந்த கருவிகளில் ஒன்றின் பெயர் 'செமபோர்'. ரயில் கைகாட்டியின் பெயரும் அதுவே.

பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது என்று திருப்தியடைய வேண்டாம். இந்தப் பிழை பதினோராவது தடவையும் வரலாம். சோதனையில் வராத பிழையையும் வடிவமைக்கும்போதே தடுப்பதுதான் நமது பொறுப்பு. கோப்பிலுள்ள ஒவ்வொரு பெயரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.