சப்பாத்திக்கள்ளியும் செஞ்சாயப் பூச்சியும்

தலைச்சோலையில் காப்பி பயிரிடும் அங்கத்தினர் ஒருவர், மலையடிவாரத்திலுள்ள தமது மேட்டுநில வேலிக்கு என்னை அழைத்துச் சென்றார். சப்பாத்திக்கள்ளியின் மடல்களில் வெண்பஞ்சு அப்பியிருந்தது. "ஐயா, காப்பியைக் கெடுக்கும் மாவுப்பூச்சிதானே இது?" என்றார். மருந்தடிக்கச் சங்கத்தில் கடன் கேட்டு மனுவும் எழுதி வைத்திருந்தார்.

அப்பஞ்சைச் சிறிது கிள்ளி, அம்மனுவின் ஓரத்திலேயே நசுக்கச் சொன்னேன். குருதிபோற் சிவந்தது. மாவுப்பூச்சியில் இத்தகைய ஆழ்ந்த சிவப்பு வாராது. இது கொச்சினீல் இனத்துப் பூச்சி. கள்ளி மடலையன்றிக் காப்பியை அண்டாது.

கள்ளி என்ற பெயரால் நாம் இரு வேறு குடும்பங்களை ஒன்றாக்கிவிடுகிறோம். கீறினால் பால் வடியும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஆமணக்கின் குடும்பம். சப்பாத்திக்கள்ளியில் பால் இல்லை. அது அமெரிக்காவிலிருந்து வந்த காக்டஸ் குடும்பம். இலைபோல் தோன்றும் மடல் உண்மையில் தண்டே. லின்னேயஸ் 1753-இல் காக்டஸ் என்ற பேரினத்தில் இதனைச் சேர்த்தார். மில்லர் 1754-இல் ஒப்பன்ஷியா எனப் பிரித்தார். மஞ்சள் மலரும் கருஞ்சிவப்புக் கனியும் உடைய நம் வேலிச்செடி ஒப்பன்ஷியா டில்லெனி. இதனை ஸ்ட்ரிக்டா என்னும் இனத்தின் ஒரு வகையாகக் கொள்வாரும் உளர்.

இப்பகுப்பு ஏட்டுச் சுரைக்காய் அன்று. மெக்சிகோவின் செஞ்சாயத்தை நம் நாட்டிலும் எடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பிற்று. டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795-இல் காப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குக் கொணர்ந்த பூச்சியோ சாயப்பூச்சியன்று, அதன் காட்டு உறவு. சாயம் மட்டம், ஆயினும் மோனகாந்தா என்ற மற்றொரு கள்ளியினத்தை அது தின்று தீர்த்தது. 1860-களில் அதனைத் தென்னாட்டிலும் இலங்கையிலும் வேண்டுமென்றே விட்டுக் கள்ளியை ஒழித்தனர். பூச்சியைக்கொண்டு களையை அடக்கிய தொடக்ககால முயற்சிகளில் இது ஒன்று. டில்லெனியை மட்டும் அப்பூச்சி தீண்டவில்லை. அதற்குரிய வேறோர் இனப் பூச்சி 1926-இல் இலங்கை வழியாகத் தமிழகம் வந்தது. சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் நிலம் முட்புதரினின்று மீண்டது.

நெசவாளர் அங்கத்தினர்கள் இதிலிருந்து நூலுக்குச் சாயம் எடுக்கலாமா எனக் கேட்கக்கூடும். எடுக்கலாம், ஆனால் அளவு மிகச் சொற்பம், கூலிக்குக் கட்டாது.

கடன் மனுவை அவரே கிழித்துவிட்டார். வேலி எப்படியும் பட்டுப்போகும். மழை கண்டதும் அவ்விடத்தில் கிளுவைப் போத்து நடச் சொல்லியிருக்கிறேன்.