இல்லத்தில் நுண்ணொலி கேட்டல்

‘ஹை-ரெஸ் ஆடியோ’ என்னும் பெயர் இந்நாளில் விளம்பரங்களில் மிகுதியாக வழங்குகின்றது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், 192 கிலோஹெர்ட்ஸ் எனப் பெட்டியின்மேற் பொறித்த எண்கள் பெருகப் பெருக விலையும் பெருகுகின்றது. இவ்வெண்கள் யாவை குறிக்கின்றன, வீட்டில் நல்லிசை கேட்க விழைவார் தம் பொருளை முதற்கண் எதன்மேற் செலவிடல் தகும் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஒலியாவது காற்றின் அதிர்ச்சி. அதனை ஒரு நொடியிற் பல்லாயிர முறை அளந்து, அவ்வளவுகளை எண்களாக எழுதி வைத்தலே டிஜிட்டல் பதிவு. அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1938இல் பிரான்சில் இம்முறைக்கு உரிமம் பெற்றார். எழுத்தொலியின் காலத்தைக் கண்ணிமைப்பும் கைந்நொடியும் கொண்டு வரையறுத்த தொல்காப்பியத்தைப் பயிலும் நமக்கு ஒலியை அளத்தல் புதிதன்று. அளவை நுண்ணிதாயிற்று என்பதே வேறுபாடு. நொடிக்கு எத்துணை முறை அளக்கின்றோம் என்பதைக் கிலோஹெர்ட்ஸும், ஒவ்வொரு முறையும் எத்துணை நுட்பமாக அளக்கின்றோம் என்பதைப் பிட்டும் உணர்த்தும். 1982இல் ஃபிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனத்தாரும் வெளியிட்ட சி.டி.யில் நொடிக்கு 44,100 அளவுகள் உள. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்று. இதுவே 16 பிட். 24 பிட்டிலோ அப்படிகள் 1,67,77,216 ஆம்.

படிகள் பெருகின் இசை வழவழப்பாகும், குறையின் கரடுமுரடாகும் என்று பலர் கருதுவர். அஃது உண்மையன்று. ஓர் ஒலியில் உள்ள மிக விரைந்த அதிர்வின் எண்ணிக்கையைப்போல் இருமடங்கிற்கு மேல் அளவுகள் எடுத்தால், அவ்வலையை எஞ்சாது மீட்டெடுக்கலாம் என்பதை நைக்விஸ்ட் 1928இலும் ஷானன் 1949இலும் எழுதிய ஆராய்ச்சிகள் நிலைநாட்டின. இளஞ்செவிக்கும் எட்டும் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வுகளே. வயது ஏற ஏற அது சுருங்கும். 44,100 அளவுகள் 22,050 அதிர்வுகள் வரை காக்கும். பிட் மிகுவதாற் குறைவது அடியில் ஓடும் இரைச்சல் ஒன்றே. 16 பிட்டில் உரத்த ஒலிக்கும் அவ்விரைச்சலுக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் வேறுபாடு உண்டு. 24 பிட்டில், ஏட்டளவில், 144.

அற்றேல், செவி என் கூறுகின்றது? 2007இல் மேயர், மோரன் என்னும் இருவர் நுண்பதிவுத் தட்டுகளின் ஒலியை அவ்வாறேயும், இடையில் சி.டி.யின் அளவிற்குக் குறுக்கியும், எது எது எனக் கூறாது கேட்பித்தனர். கேட்டோர் விடைகள் காசு சுண்டிப் பார்த்தல் போன்றே அமைந்தன. 2016இல் இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்து ஜோஷுவா ரைஸ் 18 ஆராய்ச்சிகளின் 12,500க்கு மேற்பட்ட சோதனைகளை ஒருங்கு நோக்கி, விடைகளில் நூற்றுக்கு 52.3 சரியாயிருந்தன என்றும், முன்பயிற்சி பெற்றோர் அதனினும் மிகுதியாகத் தேர்ந்தனர் என்றும் கண்டார். ஆதலின் வேறுபாடு அறவே இல்லை எனல் மிகை. பெரிது எனல் அதனினும் மிகை. மேயரும் மோரனும் மற்றொன்றும் குறித்தனர்: அத்தட்டுகளிற் பல சாதாரண சி.டி.க்களினும் இனிமையாகவே ஒலித்தன. என்னை? எண்ணினால் அன்று, பதிவுசெய்தோர் காட்டிய பரிவினால்.

பழம்பதிவை நுண்கோப்பாக மாற்றி விற்போர் கூற்றையும் இவ்விடத்து ஆராய்தல் வேண்டும். 1972இல் ஜப்பானிய டெனான் நிறுவனத்தார் 13 பிட் பொறியினால் இசை பதிந்தனர். அதனை 24 பிட் கலத்தில் வார்ப்பினும் 13 பிட்டே எஞ்சும். பெரிய குடத்திற் பெய்தமையால் பால் மிகாது. பதிவறையிலோ 24 பிட் மெய்யாகவே வேண்டும். பாடுவோர் எத்துணை உரக்கப் பாடுவர் என முன்னறிய இயலாமையின், ஆங்கு இடம் மிகுதியாக விடுதல் இன்றியமையாதது.

இது நிற்க. வீட்டில் கருவிகளை அமைக்கும் முறைக்கு வருவாம். கோப்பு ஃபிளாக் போன்ற இழப்பிலா முறையில் இருப்பது நன்று. 2001இல் வெளிவந்த இம்முறை, ஒரு பிட்டும் இழவாது கோப்பின் அளவைச் சுருக்குகின்றது. அடுத்து, கணிப்பொறியானது வெவ்வேறு செயலிகளின் ஒலிகளைக் கலக்கும்பொழுது, யாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸ் போன்ற ஒரே அளவிற்கு மாற்றிவிடுதல் உண்டு. விண்டோஸில் இசைச்செயலிக்குத் தனியுரிமை அளித்து இதனை விலக்கலாம். புளூடூத்தோ குறுகிய வாயில். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் இசை நொடிக்கு 4,608 கிலோபிட் வேண்டும். எல்டாக் என்னும் உயர்ந்த முறையும் 990 கிலோபிட்டே கடத்தும். எனவே கம்பியே தக்கது. யூ.எஸ்.பி. வழியே இணையும் டாக் என்னும் சிறு கருவி எண்களை மீண்டும் மின்னலையாக்கும். இக்கருவிகள் இந்நாளில் எளிய விலையிலேயே நன்கு அமைந்துவிட்டன. ஈண்டுப் பெரும்பொருள் செலவிடுதல் வீண் என்பது என் கருத்து.

நல்ல டாக்கின் பிறழ்ச்சி நூற்றில் ஆயிரத்திலொரு பங்கு அளவினது. ஒலிபெருக்கியிலோ தாழ்ந்த ஒலிகளில் நூற்றுக்கு ஒன்று எனப் பிறழ்தல் இயல்பு. அதனினும் பெரிய பிறழ்ச்சியை விளைப்பது அறை. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 3.4 மீட்டர் உளதாயின், ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் ஒலி அவற்றிடையே நிலையலையாய் நிற்கும். நடுவில் அமர்ந்தார்க்கு அது தேயும், சுவரையொட்டி அமர்ந்தார்க்கு மிகும். எந்தப் பிட்டும் இதனைத் திருத்தாது. ஒலிபெருக்கிகளைச் சுவரினின்று சற்று விலக்கி, அவையிரண்டும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணமாக அமையுமாறு, செவியின் உயரத்தில் வைத்தல் வேண்டும். தரைக்குக் கனத்த விரிப்பும், சாளரத்திற்குத் திரையும், சுவரருகே புத்தக அலமாரியும் எதிரொலியைத் தணிக்கும். மின்விசிறி சுழலும் அறையில் 40 டெசிபெல் இரைச்சல் எளிதில் உண்டு. இசையின் உச்சம் 100 டெசிபெல் எனக் கொள்ளினும் எஞ்சுவது 60. 10 பிட்டே அதற்கு ஏறத்தாழப் போதும்.

பொருள் செலவிடுமுன் ஒவ்வொருவரும் தம் செவியையே சோதித்துக்கொள்ளலாம். ஒரு நுண்கோப்பை எடுத்து, அதிலிருந்தே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் படி ஒன்று செய்து, இரண்டையும் பெயர் மறைத்து 16 முறை கேட்க. ஃபூபார் 2000 என்னும் இலவசச் செயலியில் இதற்கென ஏ.பி.எக்ஸ். என்னும் துணைக்கருவி உளது. 12 அல்லது அதற்கு மேற்பட்ட விடைகள் குருட்டாம்போக்கிற் சரியாக அமைதல் நூற்றுக்கு நான்கு முறையே நிகழும். இரு கோப்புகளின் ஒலிவலிமையும் சிறிதும் வேறுபடலாகாது. சற்று உரத்ததனையே சிறந்ததாகக் கொள்ளுதல் செவியின் இயல்பு.