பெருநகரில் வீடு வாங்குதல்: மும்பை தரும் பாடம்

மேற்கே அரபிக்கடலும் கிழக்கே துறைமுக நீர்ப்பரப்பும் சூழ்ந்த மும்பையில் நிலம் அரிய பொருளாகும். தனி வீடு அங்குப் பெரும்பாலோர்க்கு எட்டாதது. ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பும் நீண்டகாலக் கடனும் சேர்ந்தே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை வாங்குகின்றன. அப்பணத்திற்கு ஈடாகக் கிடைப்பது யாது என்பதை ஆராய்தல் இன்றியமையாததாகும்.

வளர்ந்த வரலாறு

1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையைப் பெரிதும் 1940-ஆம் ஆண்டின் அளவிலேயே நிறுத்தியது. வாடகைக்கென வீடு கட்டுவதில் முதலீட்டாளர்களுக்கு ஆர்வம் குன்றியது. கட்டி விற்கும் முறை பரவியது. இதனை நெறிப்படுத்தவே 1963-இல் மகாராஷ்டிர உரிமைக் குடியிருப்புகள் சட்டம் இயற்றப்பட்டது.

பரப்பளவும் விலையும்

விலை கூறப்படும் பரப்பில் மாடிப்படி, மின்தூக்கி போன்ற பொது இடங்களின் பங்கும் சேர்க்கப்படுவது நெடுங்கால வழக்கம். எடுத்துக்காட்டாக, 1,000 சதுர அடி என்று கூறி, அடிக்கு ரூ.12,000 வீதம் ரூ.1.2 கோடிக்கு ஒரு வீடு விற்கப்படுவதாகக் கொள்வோம். புழங்கத்தக்க உட்பரப்பு 600 சதுர அடியாயின், மெய்யான விலை அடிக்கு ரூ.20,000 ஆகிறது. 2016-ஆம் ஆண்டின் மத்திய மனை வணிகச் சட்டம் (ரேரா), புறச்சுவர்களையும் பால்கனியையும் நீக்கி, உட்சுவர்களைச் சேர்த்து, 'கார்ப்பெட்' பரப்பு எதுவென வரையறுத்துள்ளது.

நிலம் யாருடையது?

வீட்டை வாங்குவோர் நிலத்தை மறந்துவிடுதல் உண்டு. 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடு வாங்கியோரின் கூட்டுறவுச் சங்கத்திற்கு நிலவுரிமையைக் கட்டுநர் மாற்றித் தரவேண்டும். உடன்பாட்டில் காலவரை குறிக்கப்படாவிடில், சங்கம் பதிவான நான்கு மாதங்களுக்குள் இது நிறைவேற வேண்டும். ஆயினும் பல சங்கங்கள் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. உரிமை மாற்றப் பத்திரம் இன்றேல், கட்டடம் பழுதுற்று மீண்டும் கட்ட முற்படுகையில், சங்கம் பிறர் இசைவை நாடி நிற்கும். இக்குறையைப் போக்க, கட்டுநர் ஒத்துழையாவிடினும் உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்து உரிமை பெற 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது.

இன்றைய பாதுகாப்புகள்

ரேராச் சட்டத்தின்படி, வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைக் கட்டுநர் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்தின் நிலத்திற்கும் கட்டுமானத்திற்கும் மட்டுமே செலவிட வேண்டும். விற்பனை உடன்பாட்டைப் பதிவு செய்யுமுன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறலாகாது. ஒப்படைத்த ஐந்தாண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தோன்றினால், கட்டுநரே தம் செலவில் சீர்செய்ய வேண்டும். குறித்த காலத்தில் வீடு தரப்படாவிடில், விலகிக்கொள்பவர் தம் பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறலாம். விலகாதவர் தாமதக் காலத்திற்கு வட்டி பெறலாம்.

எனினும் சட்டம் மட்டும் போதாது. திட்டப் பதிவு எண், நிலத்தின் மூல ஆவணங்கள், வில்லங்க விவரம், குடிபுகு சான்றிதழ், நிலவுரிமை மாற்றம் ஆகிய ஐந்தையும் வாங்குவோர் சரிபார்த்தல் வேண்டும். இவற்றை எளிய மக்களும் எளிதிற் பெறச்செய்வது அலுவலர்களின் கடமையாகும். சுவர்களை மட்டுமன்றி, அவை நிற்கும் நிலத்தின் உரிமையையும் பெற்றபோதே வீட்டுடைமை முழுமை எய்தும்.