பூசணம் போன்ற, பூசணம் அல்லாத ஒரு கிருமி

படர்தாமரையும் சேற்றுப் புண்ணும் நம் வாசகர்கள் அறிந்த வியாதிகள். இரண்டும் பூசண இனத்தால் உண்டாகின்றவை. பூசணத்தைக் கொல்லும் களிம்பைத் தடவினால் பெரும்பாலும் ஆறிவிடுகின்றன. ஆனால் பூசணத்தைப் போலவே தோற்றம் காட்டி, பூசண மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி ஒன்று தேங்கிய நீரில் வாழ்கின்றது. அதனால் மனிதருக்கு நோய் வருவது மிக அபூர்வம். வந்தால் காலை இழக்க நேரிடலாம். உயிருக்கே மோசம் வரலாம். இந்நோய் அதிகமாய்க் காணப்படும் நாடு மலேசியாவின் வட எல்லையை ஒட்டியுள்ள தாய்லாந்து. ஆகையால் இது நமக்கு அப்பாற்பட்ட விஷயமல்ல.

இதன் சாஸ்திரப் பெயர் பித்தியம் இன்சிடியோசம். (நம் 'பைத்தியத்'துக்கும் இதற்கும் உறவில்லை.) மறைந்திருந்து கெடுப்பது என்பது இரண்டாவது சொல்லின் கருத்து. 1987ஆம் ஆண்டில்தான் இப்பெயர் சூட்டப்பட்டது. அதற்கு வெகு காலம் முன்பே குதிரை வைத்தியர்கள் இதன் கொடுமையைக் கண்டிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கில வைத்தியர்கள், மழைக் காலத்தில் குதிரைகளுக்குத் தோன்றி ஆறாமல் பரவும் புண்களைப் பற்றி எழுதினார்கள். இந்துஸ்தானியில் 'பர்சாத்' என்றால் மழை. அதைக் கொண்டே அப்புண்ணுக்குப் பெயரும் ஏற்பட்டது.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் இக்கிருமி நூல் நூலாய்க் கிளைத்துப் பூசணமாகவே தெரியும். உண்மையில் இது பூசணத்தைவிடக் கடலிலுள்ள பழுப்புப் பாசிகளுக்கே நெருங்கிய இனம். இதன் உறவினரை நம் தோட்டத்து மக்கள் நன்கறிவார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பட்டையில் கறுப்புக் கோடுகள் விழுவதும், டுரியான் மரத்தின் அடி அழுகி வடிவதும் இவ்வினத்தின் வேலையே. 1845 முதல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியதும் இந்தக் குடும்பந்தான்.

இது உடலுக்குள் புகும் வழி விசித்திரமானது. நீரிலுள்ள செடிகொடிகளில் வளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத வித்துக்களை வெளிவிடுகின்றது. ஒவ்வொரு வித்துக்கும் இரண்டு வால்கள் உண்டு. அவற்றால் நீந்திச் சென்று, புல்லிலோ, மயிரிலோ, தோலிலுள்ள கீறலிலோ ஒட்டிக்கொள்கின்றது. பின் வால்களை உதிர்த்துவிட்டு முளைவிட்டு உள்ளே இறங்குகின்றது. தோலில் கட்டியும் ஆறாத புண்ணும் தோன்றும். அதனினும் கொடியது, அது இரத்தக் குழாயைப் பற்றி மேல்நோக்கி ஏறுவது. குழாய் அடைபட்டால் நடக்கும்போது கால் வலிக்கும், பாதத்தில் நாடி தட்டாது, விரல்கள் கறுக்கும். கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும்.

தாய்லாந்தில் 1985 முதல் 2003 வரை 9 பெரிய ஆஸ்பத்திரிகளில் 102 பேருக்கு இந்நோய் கண்டதாகக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 75 பேர் விவசாயிகள். தோலோடு நின்றவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். 59 பேருக்கு இரத்தக் குழாயிலும், 33 பேருக்குக் கண்ணிலும் கண்டது. இரத்தக் குழாயில் கண்டவர்களில் நூற்றுக்கு 78 பேருக்கு உறுப்பை வெட்டி எடுக்க நேர்ந்தது.

இதில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. தோலிலும் இரத்தக் குழாயிலும் நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் பிறவியிலேயே தலசீமியா என்னும் இரத்தக் குறையோ, அதைச் சார்ந்த வேறு கோளாறோ உள்ளவர்கள். அத்தகையோர் உடலில் இரும்புச் சத்து மிகுந்துவிடும். அது இக்கிருமிக்கு உதவுகின்றது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். கண் நோய் மட்டும் அப்படியல்ல. நல்ல தேகசுகம் உள்ளவர்களையும் பிடிக்கின்றது.

பூசண மருந்துகளில் பல, பூசணத்தின் உயிரணுச் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்னும் பொருளைக் குறிவைத்துத் தாக்குபவை. பித்தியத்தின் சவ்வு அதை நம்பி நிற்பதில்லை. எனவே மருந்து பெரும்பாலும் பலிப்பதில்லை, நாளும் வீணாகின்றது. சீக்கிரமே கண்டுபிடித்து, கெட்ட சதையை எஞ்சாமல் வெட்டி எடுப்பதே முக்கியமான சிகிச்சை. குதிரைகளுக்கென உண்டாக்கிய ஊசி மருந்தொன்றைத் தாய்லாந்துச் சிறுவன் ஒருவனுக்குக் கொடுத்துக் குணம் கண்டதாக 1998இல் எழுதப்பட்டது. ஆயினும் அது எல்லோருக்கும் பலிக்கவில்லை.

ஆகவே, தலசீமியா உள்ளவர்கள் வயல் நீரிலோ குட்டையிலோ இறங்குவதாயின் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிவது நலம். காலில் கீறல் இருந்தால் இறங்காமலிருப்பதே மேல். புண் ஆறாமல் பரவினாலோ, காரணமின்றிக் கால் வலித்து விரல் குளிர்ந்தாலோ களிம்பை மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். இரத்தக் குறை இருப்பதையும், எந்த நீரில் இறங்கினீர்கள் என்பதையும் டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அபூர்வ வியாதியாதலால் அவர் அதை நினையாதிருக்கக்கூடும். பித்தியமாக இருக்குமோ என்று ஒரு வார்த்தை கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.