கைக் காயமும் மனக் காயமும்



கவ்வாத்துக் கத்தி கையில் பட்டுவிட்டால் என்ன செய்கிறோம்? சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துகிறோம். தண்ணீரால் கழுவி, டிஸ்பென்சரிக்குப் போய் ஏற்பு ஊசி போடுகிறோம். கோப்பித்தூளை அப்பக்கூடாது என்பதும் நமக்குத் தெரியும். "ஆறுற வரைக்கும் அந்தக் கையால வேலை செய்யாதே" என்று வீட்டிலும் சொல்வார்கள்.

மனதில் காயம் பட்டால்? அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால், "இவனுக்குப் பேய் புடிச்சிருச்சு", "வேலைக்குக் கள்ளம்" என்று சொல்லிவிடுகிறோம்.

இதை விளங்கிக்கொள்ள, வடக்கே வல்வெட்டித்துறையைப் பார்ப்போம். அது கடலோடிகளின் ஊர். 1989 ஓகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கி, இந்திய அமைதிப் படையினரால் அங்கே 60க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. சூட்டுக் காயமும் தீக்காயமும் மருந்தால் ஆறலாம். ஆனால் பெற்றவர் கண்முன்னே விழுந்ததைப் பார்த்த பிள்ளைக்கு எந்தக் கட்டுப் போடுவது?

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். மனம் நொந்தவர்களில் பலர் தலையிடி, நெஞ்சு நோ, உடம்பு உளைச்சல் என்றுதான் மருத்துவரிடம் வந்தார்கள். ஒருவருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்ந்தே காயம் படும் என்றும் அவர் காட்டினார். இப்படித் தங்கிவிடும் காயத்தையே மனவடு என்கிறோம்.

போர் மட்டும் இதற்குக் காரணமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடியது. அப்படி ஒன்றில் தப்பியவருக்கு, தகரத்தில் மழை விழும் சத்தமே நெஞ்சைப் படபடக்க வைக்கலாம். ஆபத்து போன பிறகும் உடம்பு காவல் காத்துக்கொண்டே இருக்கிறது.

அடையாளங்கள் இவை:

1. நடந்தது மீண்டும் நடப்பதுபோல் தோன்றுதல், கெட்ட கனவு.
2. அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்த்தல்.
3. தூக்கமின்மை, திடுக்கிடுதல், சட்டென்று கோபம்.
4. பிள்ளைகள் படுக்கையை நனைத்தல், அம்மாவை விடாமல் ஒட்டிக்கொள்ளுதல்.

ஆரம்பத்தில் இவை வருவது இயல்பு. பலருக்கு, பக்கத்தில் ஆட்கள் இருந்தால், சில வாரங்களில் குறைந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

"எல்லாத்தையும் மறந்துரு" என்று சொல்லாதீர்கள். "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று நெருக்கவும் வேண்டாம். அவர்களாகப் பேசினால் பொறுமையாகக் கேளுங்கள். அழுதால் அழ விடுங்கள். நம் ஒப்பாரியும் கருமாதியும் துக்கத்தை இறக்கிவைக்கும் வழிகள்தான். போரில் பல குடும்பங்களுக்கு அந்தச் சடங்கைச் செய்யக்கூட வழி இருக்கவில்லை. பிள்ளைகளை முடிந்தளவு சீக்கிரம் பள்ளிக்கும் விளையாட்டுக்கும் அனுப்புங்கள். சாராயம் மனக் காயத்துக்கு மருந்தல்ல. அது, புண்ணில் அப்பிய கோப்பித்தூள் மாதிரி, மேலே மூடும், உள்ளே சீழ் வைக்கும்.

செத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

கையில் பட்ட காயத்துக்கு நாம் வெட்கப்படுவதில்லை. மனதில் பட்டதற்கும் வெட்கப்பட வேண்டாம். இன்றைக்கே உங்கள் லயத்தில் ஒதுங்கியிருக்கும் ஒருவரிடம் போய், "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். முதல் கட்டு அதுதான்.