அடுப்பிலேயே வெல்லப்பாகு ஹாம்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் நம் மைசூர்த் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் ஹாம் வாங்குவதுண்டு. உப்பு நீரில் ஊறவைத்துப் பதப்படுத்திய பன்றித் தொடைதான் ஹாம். முழுத் தொடையை அவனில் வைத்து, இனிப்புப் பாகு பூசி வாட்டுவது மேல்நாட்டு முறை. அவன் இல்லாத வீட்டில் என்ன செய்வது? 1 செ.மீ. கனத்துக்கு வெட்டிய துண்டும், அடி கனமான வாணலியும், அதிரசப் பாகு வைத்துப் பழகிய கையும் இருந்தால் போதும்.

வாங்கும்போதே, வெந்ததா வேகாததா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். இது முக்கியம். சாதாரணப் பன்றி இறைச்சி வெந்தால் வெளுக்கும். ஹாமில் நைட்ரைட் உப்பு சேர்ப்பதால் வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. சரியாக வேகாத பன்றி இறைச்சியால் நாடாப்புழு உடலில் சேரும் அபாயம் உண்டு. வேகாத ஹாம் என்றால் முதலில் தண்ணீரில் போட்டு, நடுப்பாகம் வரை நன்றாக வேகவைத்த பிறகே வாணலிக்குக் கொண்டுவர வேண்டும்.

நால்வருக்கு அரைக் கிலோ துண்டு போதும். வெந்த ஹாமாக இருந்தாலும் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். உப்பு ஓரளவு குறையும். ஓரக் கொழுப்பை இரண்டு மூன்று இடத்தில் கீறிவிட்டால் துண்டு சுருளாது. ஈரம் போகத் துடைத்து, சிறிது எண்ணெயில் பக்கத்துக்கு 3 நிமிடம் சிவக்கவிட்டுத் தனியே எடுத்து வையுங்கள்.

இனி பாகு. முதல் தடவை நான் வெல்லத்தையும் ஹாமையும் சேர்த்தே போட்டேன். ஹாம் சூடேறுவதற்குள் வெல்லம் கரியாகி, வாணலியைத் தேய்க்க ஒரு மாலை முழுதும் போயிற்று! பாகில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு விறுவிறுவென ஏறும். அதனால்தான் வெல்லம் எப்போதும் கடைசியில்.

மண்டியா வெல்லம் 50 கிராமைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மண் இருக்கும். அரை டீஸ்பூன் கடுகுப் பொடி, கொஞ்சம் மிளகுத்தூள் போட்டுச் சிறு தீயில் காய்ச்சுங்கள். அதிரசத்துக்குப் போல் உருட்டும் பதம் வேண்டாம். ஒற்றைக் கம்பிக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். உப்பு சேர்க்கவே கூடாது.

புளிப்புக்கு, நமக்குப் பக்கத்திலேயே குடகு இருக்கிறதே! செப்டம்பரில் வரும் கைல்போள்து பண்டிகைக்கு அவர்கள் பந்திக் கறி சமைப்பார்கள். பந்தி என்றால் பன்றிதான். அதற்குக் கறுப்பு நிறமும் புளிப்பும் தருவது, குடம்புளிப் பழச்சாற்றைக் காய்ச்சிக் குறுக்கிய கச்சம்புளி. அதில் அரை டீஸ்பூன் விட்டால் இனிப்பு திகட்டாது, பாகும் பூத்துப் போகாது. கிடைக்காவிட்டால் எலுமிச்சைச் சாறு. இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம்; புளிப்புப் பட்டு வாடை வரும்.

இப்போது ஹாமைப் பாகில் இட்டு, 2 நிமிடம் திருப்பித் திருப்பிப் புரட்டுங்கள். பளபளவென்று ஒட்டியதும் இறக்கிவிடலாம். பன்றி சாப்பிடாத வீட்டார் வேகவைத்த சேனைத் துண்டுகளை இதே பாகில் புரட்டலாம்; எங்கள் வீட்டில் அதுதான் முதலில் காலியாகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒரு சிறு துண்டு போதும்.

மிச்சமிருந்தால் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் பொடியாக நறுக்கி முட்டைப் பொரியலில் சேருங்கள். அதற்கும் தனியாக உப்பு வேண்டியதில்லை.