நனைந்த சட்டையும் நுரை ரப்பரும்

மாணவர்களே, பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் முடிந்து வெளியே வருகிறீர்கள். நல்ல மழை. குடை இல்லை. ஓடிப்போய் கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் செல்லும் கொமுட்டரில் ஏறுகிறீர்கள். குளிர்சாதனக் காற்று பட்டதும் பற்கள் தந்தியடிக்கின்றன. எதிர் இருக்கையில் உலர்ந்த சட்டையோடு ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார். அதே பெட்டி, அதே காற்று. உங்களுக்கு மட்டும் ஏன் இந்த நடுக்கம்?

உங்கள் சட்டையிலுள்ள நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்று படிக்கிறோம். அதில் பெரும்பகுதியை நீர் உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 50 கிலோ எடையுள்ள உடலின் வெப்பநிலை 1 டிகிரி குறைய, சுமார் 175,000 ஜூல் வெளியேற வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 73 கிராம் நீர் போதும்! நனைந்த பள்ளிச் சீருடையில் இதைவிட அதிகமான நீர் இருக்கும். நல்லவேளையாக, உடல் சும்மா இருக்கும்போதே நொடிக்கு 80 ஜூலுக்கு மேல் வெப்பம் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. நடுக்கமும் உடல் மூட்டும் அடுப்புதான். தசைகள் வேகமாகச் சுருங்கி விரிந்து வெப்பத்தைக் கூட்டுகின்றன.

இனி ரயிலை விட்டுக் கடலுக்குப் போவோம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது, குவாந்தான் அருகே பாலோக் கடற்கரையில் பெரிய பட்டங்கள் பறப்பதைக் காணலாம். பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று நீரில் சறுக்கும் கைட்சர்ஃபிங் விளையாட்டு அது. அங்கே கடல் நீர் சுமார் 27 டிகிரி. மெல்லிய மேலாடையே போதும். ஆனால் படிக்கப் போன இடத்தில், பிரிட்டனின் தென்கரையில், பிப்ரவரி மாதம் இதைப் பழக விரும்பும் மலேசிய மாணவரை நினைத்துப் பாருங்கள். அங்கே கடல் 8 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும்.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். எனவே கடலுக்குள் இருக்கும்போது வெப்பக் கடத்தல் உங்களைக் குளிர்விக்கிறது. எழுந்து நின்றால் காற்றும் ஆவியாதலும் சேர்ந்துகொள்கின்றன. தேர்ந்தவர் பெரும்பாலும் நீருக்கு மேலேயே இருப்பார். புதியவர் நிலைமை அப்படியில்லை. பட்டம் நீரில் விழும், மறுபடி எழுப்ப வேண்டும். பயிற்றுநர் வரும்வரை இடுப்பளவு நீரில் அசையாமல் நிற்க வேண்டும். குளிருக்கு இரண்டு வழியும் திறந்திருக்கும்.

அசைவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. 2003-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் மலேசியர் அப்துல் மாலிக் மைதீன். கோடைக்காலம்தான், ஆனாலும் நம் கடலைவிட மிகக் குளிர்ந்த நீர். அதில் 17 மணி நேரத்துக்கும் மேலாக நீந்தினார். கை கால்கள் ஓயாமல் இயங்கியதால் தசைகளில் வெப்பம் பிறந்துகொண்டே இருந்தது. நின்று காத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு உடைதான் துணை.

அந்த உடையின் கதை சுவையானது. 1950-களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் முக்குளிப்போருக்கு உடை தேடினார். உடல் நனையாமல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை அவர் கண்டார். உடை செய்யும் பொருளுக்குள் வாயுக் குமிழ்கள் சிறைபட்டிருந்தால் போதும். அதற்கு நுரை வடிவிலான நியோபிரீன் ஏற்றதாக இருந்தது. "உடைக்குள் புகுந்த நீர் சூடாகி உடலைக் காக்கிறது" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நம்பிவிடாதீர்கள். காப்பது குமிழ்கள்தான். உள்ளே புகும் நீர் உங்கள் வெப்பத்தைச் செலவழித்துத்தான் சூடாகிறது. தொளதொள உடையில் அந்த நீர் வெளியேறிப் புது நீர் புக, ஒவ்வொரு முறையும் செலவு. அதனால்தான் உடை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும்.

நியோபிரீன், 1930-ல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் உருவான செயற்கை ரப்பர். நம் தாத்தா பாட்டிமார் தோட்டப்புறங்களில் மரம் வெட்டி மங்கில் பால் சேர்த்துக்கொண்டிருந்த அதே காலம்! இப்போது அந்த மரப்பால் ரப்பரிலும் இவ்வுடையைத் தைக்கிறார்கள்.

குளிர்காலத்தில் புதியவருக்குப் பெரிய ஆபத்து விரல்களில் இருக்கிறது. உடல் குளிர்ந்தால், இதயத்தையும் மூளையையும் காக்க, கைகளுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். விரல்கள் மரத்துப்போகும். பலத்த காற்றில் பட்டம் கட்டுமீறி இழுத்தால், மார்பருகே இருக்கும் அவசர விடுவிப்பை உடனே இயக்க வேண்டும். மரத்த விரல் அதைச் செய்யாது. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லையென்றால் அன்றைய பாடம் முடிந்தது, கரையேற வேண்டியதுதான். கையுறை தடிமனாக இருந்தால் பிடி தளரும், முன்கை சீக்கிரம் களைக்கும். ஆகவே மார்பையும் முதுகையும் நன்றாக மூடுவதே கைக்கும் நல்லது. உடலின் நடுப்பகுதி சூடாக இருந்தால் இரத்தம் விரல்வரை போகும்.

கரையில் காத்திருக்கும்போது, ஈர உடையின் மேலேயே காற்றுப் புகாத ஒரு மேலங்கியைப் போட்டுக்கொள்வார்கள். ஈரத்தின் மேல் அங்கியா என்று சிரிக்காதீர்கள். வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று போத்தல்களில் கை பொறுக்கும் வெந்நீர் ஊற்றி மூடுங்கள். முதலாவதற்கு உலர்ந்த காலுறை, இரண்டாவதற்கு நனைத்த காலுறை மாட்டுங்கள். மூன்றாவதற்கும் நனைத்த காலுறைதான், ஆனால் அதற்கு மேல் ஒரு நெகிழிப்பையைச் சுற்றிக் கட்டுங்கள். மூன்றையும் மின்விசிறி முன் வைத்து, 15 நிமிடம் கழித்து வெப்பமானியால் அளந்து எழுதுங்கள். இரண்டாவது போத்தல்தான் கொமுட்டரில் நடுங்கிய நீங்கள். மூன்றாவதன் அளவைப் பார்த்தபின், உங்கள் புத்தகப்பையில் ஒரு மெல்லிய மழையங்கிக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.